பாட்டு சோறு போடுமா? மூன்று குருணி நெல் சொல்லும் பதில்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். வீட்டில் பாடுகிற பிள்ளை, வாசிக்கிற பிள்ளை இருந்தால் அவர்களோடு சேர்ந்து படியுங்கள்.

ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ முடிவு வந்ததும் என்னிடம் இரண்டு விதமான பேச்சு வரும். நன்றாகப் பாடுகிற பையன், "சார், டிவி போட்டியில ஒரு தடவை உள்ள போயிட்டா போதும், அப்புறம் சினிமாதான்" என்பான். நாலு நாள் கழித்து அவன் அப்பா வருவார். "பாட்டு சோறு போடுமா சார்? நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்பார். மகனுக்கு ஒரே நாளில் எல்லாம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை. அப்பாவுக்கு எதுவுமே கிடைக்காது என்ற பயம். இரண்டு பேருக்கும் சொல்ல நம் வரலாற்றில் பதில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி நம் திருக்கோவிலூரைச் சுற்றியே இருக்கிறது.

முதலில் சங்க காலத்துக்குப் போவோம். பாணர், பொருநர், கூத்தர், விறலியர் எல்லாரும் இசையையும் ஆட்டத்தையும் தொழிலாகக் கொண்டவர்கள். அவர்களுக்காகவே ஒரு இலக்கிய வகை உண்டு. பரிசு பெற்றுத் திரும்புகிற கலைஞன், வறுமையில் வாடும் இன்னொரு கலைஞனை வழியில் பார்த்து, "இன்ன வள்ளலிடம் போ, இந்த வழியாகப் போ" என்று சொல்வது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். இன்றைய பேச்சில் சொன்னால் அந்தக் காலத்துத் தொழில் வழிகாட்டி.

அவற்றில் இரண்டு நமக்குப் பக்கத்து ஊர்க் கதை. சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடுகிறது. அதில் வரும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. மலைபடுகடாம் செங்கம் பக்கத்து நன்னனைப் பாடுகிறது. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, நடுவில் நாம்.

சிறுபாணாற்றுப்படையில் கலைஞன் வீட்டு அடுப்படி வருகிறது. கூரை சரிந்த வீடு. சுவரில் கரையான் அரித்துக் காளான் பூத்திருக்கிறது. நாய் குட்டி போட்டிருக்கிறது, பால் இல்லாததால் கண் திறக்காத குட்டியைக்கூட அண்டவிடாமல் குரைக்கிறது. அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு சாப்பிடுகிறாள். கலைஞனின் வறுமையை இதைவிட நேராகச் சொன்ன பாட்டு எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் புலவர் எதையும் மறைக்கவில்லை. பரிசு கிடைத்தபின் வரும் தேரையும் குதிரையையும் பற்றிப் பாடியவர், அதற்கு முன்னால் இருந்த உப்பில்லாக் கீரையையும் பாடினார்.

மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 583 அடி. தொடக்கத்திலேயே முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல் என்று கலைஞர்கள் மூட்டை கட்டித் தூக்கிப்போகும் கருவிகளின் பட்டியல் வருகிறது. பிறகு வழி சொல்கிறது. இந்த இடத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்துப் போ. இங்கே தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கிப் போ. இங்கே பாறை வழுக்கும். இங்கே பாம்பு உண்டு. இன்ன ஊரில் இன்ன சோறு போடுவார்கள். வள்ளல் எங்கே இருக்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டு வழியில் இருக்கும் குழியைச் சொல்லாமல் விட்டால் அது ஆற்றுப்படையே இல்லை. பிள்ளைகளுக்கு வழி சொல்லும் நாமும் இந்தப் பாட்டை ஒருமுறை படித்துவிட்டுச் சொன்னால் நல்லது.

அடுத்தது நம் ஊரின் சொந்தக் கதை. மலையமான் திருமுடிக்காரி கோவலூரை ஆண்ட வள்ளல். தேர்களை அள்ளிக் கொடுத்தவன் என்று பெயர். அவனிடம் கபிலர் சொன்ன ஒரு செய்தி புறநானூற்றின் 121-ஆம் பாட்டில் இருக்கிறது. நாலு திசையிலிருந்தும் பலர் பரிசு கேட்டு வருகிறார்கள். கொடுப்பது உனக்கு எளிது. வந்தவர்களில் யாருடைய தகுதி எவ்வளவு என்று அறிவதுதான் கடினம். அதனால் புலவர் எல்லாரையும் ஒரே கண்ணால் பார்க்காதே. இதுதான் அதன் சாரம்.

நம் பெண்ணையாற்றுக்கு நடுவே நிற்கும் கபிலர் குன்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டு நினைவுக்கு வரும். பாரி மகளிரை மலையமான் குடியிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததைக் கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள இராசராசன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. கபிலர் கேட்டது என்ன என்று கவனியுங்கள். "எனக்கு அதிகம் கொடு" என்று கேட்கவில்லை. "தரம் பார்த்துக் கொடு" என்றார். தன் உழைப்பின் மேல் நம்பிக்கை உள்ளவன்தான் அப்படிக் கேட்க முடியும். தகுதியை அளக்கட்டும் என்று கேட்பதற்கு முன்னால் அளந்து பார்க்க நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

அது எவ்வளவு காலத்தில் சேரும்? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை கணக்கே சொல்கிறது. மாதவி ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி, 7 ஆண்டு கற்று, 12 வயதில் அரங்கேறினாள். ஏழு ஆண்டுக்கு மேடையே கிடையாது. அதுமட்டுமல்ல. அவளுக்குப் பின்னால் ஆடலாசான், இசையாசிரியன், பாட்டெழுதும் கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று 6 பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இளங்கோவடிகள் தனித்தனியே விரித்துச் சொல்கிறார். அரசன் கையால் தலைக்கோலும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெற்றவள் மாதவி ஒருத்திதான். ஆனால் அந்த அரங்கில் இசையால் வாழ்ந்தவர்கள் குறைந்தது ஏழு பேர். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில் ஒரு இசைக் கல்வெட்டு இருக்கிறது. காலம் 7-ஆம் நூற்றாண்டு. இசை கற்ற ஒரு அரசன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது. அதில் சாமி பாட்டு இல்லை, அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தி இல்லை. ஏழு பகுதிகளாக, நாலு நாலு சுரமாக அடுக்கிய கோவைகள்தான். மலைப்பாறையில் செதுக்கி வைத்த பயிற்சிப் பாடம். சரளி வரிசை பாடச் சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப் போய்க் காட்டலாம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். இராசராச சோழன் நம் ஊர்ப் பெண்ணின் மகன். அவன் தாய் வானவன் மாதேவி மலையமான் குடியில் பிறந்தவள். அவன் தஞ்சைப் பெரிய கோயிலில் தேவாரம் பாட ஆள் நியமித்த கல்வெட்டு, ஏறத்தாழ 1014-ஐச் சேர்ந்தது. திருப்பதியம் பாடுபவர்கள் 48 பேர். உடுக்கை வாசிப்பவர் ஒருவர். கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர். மொத்தம் 50 பேர். ஒவ்வொருவர் பெயரும் கல்லில் இருக்கிறது. ஆளுக்குத் தினம் 3 குருணி நெல்.

12 குருணி சேர்ந்தால் ஒரு கலம். அப்படியானால் ஒரு நாளைக்குக் கால் கலம், வருஷத்துக்குச் சுமார் 91 கலம். இது தேரும் யானையும் இல்லை, பொற்றாமரைப் பூவும் இல்லை. ஆனால் உப்பில்லாக் கீரையும் இல்லை. தினமும் அளந்து கொடுக்கும் நெல். குடும்பம் நடத்தலாம், பிள்ளையை வளர்க்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட வேண்டியதில்லை. அதே கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கு ஒரு வீடும் வருஷம் 100 கலம் நெல் வரும் ஒரு பங்கும் கொடுத்ததை இன்னொரு கல்வெட்டு சொல்கிறது. நட்டுவம், வங்கியம், வீணை, உடுக்கை என்று ஒவ்வொரு கருவிக்கும் ஆள் இருந்தது, பங்கு இருந்தது.

"பாட்டு சோறு போடுமா" என்று கேட்கும் அப்பாவுக்கு இதுதான் பதில். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே போட்டிருக்கிறது. கல்வெட்டு சாட்சி.

ஆனால் அதே கல்வெட்டின் பின்பகுதியை மகன் படிக்க வேண்டும். பாடுகிறவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும். அந்த உறவினருக்குத் தகுதி இல்லையென்றால்? தகுதியுள்ள வேறொருவரைப் பார்த்துப் பாடவைக்க வேண்டும். உறவினரே இல்லையென்றால் மற்றவர்கள் சேர்ந்து தகுதியுள்ள ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பரம்பரைக்கு இடம் கொடுத்த காலம்தான் அது. ஆனால் அங்கேகூட, அப்பா பாடினார் என்பதற்காக மகன் வாய்க்கு வந்ததைப் பாட முடியாது. கபிலர் காரியிடம் கேட்ட 'தரம் பார்' என்ற பேச்சு, மலையமான் குடிப் பெண்ணின் மகன் கையில் சட்டமாகிவிட்டது என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. இது என் ஊர்ப் பாசம். மன்னிக்கவும்.

இன்னொரு செய்தியும் பக்கத்திலேயே இருக்கிறது. விருத்தாசலம் அருகே இராசேந்திரப்பட்டினம் என்ற ஊர். பழைய பெயர் திருஎருக்கத்தம்புலியூர். சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் அந்த ஊர்க்காரர். பிற்காலத்தில் தேவார ஏடுகள் தில்லையில் கிடைத்தபோது பாட்டு இருந்தது, பண் தெரியவில்லை. அப்போது அந்த யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்தான் பண் முறையை எடுத்துக் கொடுத்தாள் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. அந்தப் பெண்ணுக்கு எந்த மேடையும் இருந்ததாகத் தெரியவில்லை. அவள் வீட்டில் யாரோ தினம் பாடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அரசனுக்குத் தேவைப்பட்ட நாளில் அது கையில் இருந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டில் இசைக்காரனுக்குப் படியளந்த கைகள் அடுத்தடுத்து மாறின. சமஸ்தானமும் ஜமீனும் போயின. பேசும் படம் வந்தது, நாடகக் கம்பெனிகள் படுத்தன. ரயிலில் பாடிக் காசு வாங்கிய கொடுமுடிச் சிறுமி கே. பி. சுந்தராம்பாள், நாடக மேடைக்குப் போய், 1935-இல் பக்த நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். அதே காலத்தில் அதே நாடக மேடையில் ஆர்மோனியம் வாசித்த எத்தனையோ பேர் வேலையில்லாமல் ஊர் திரும்பினார்கள். 1938-இல் சென்னை வானொலியும் 1939-இல் திருச்சி வானொலியும் வந்தன. நிலைய வித்துவான் என்று மாதச் சம்பள வேலை வந்தது. குரல் தேர்வு வைத்து, பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரித்தார்கள். மூன்று குருணி நெல் வேறு உருவத்தில் திரும்பி வந்தது. தகுதி பார்க்கும் விதியும் கூடவே வந்தது.

சினிமாவை எடுத்துக்கொள்வோம், பிள்ளைகளின் கனவு அங்கேதானே இருக்கிறது.

எம். எஸ். விஸ்வநாதன் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில், ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடிப் பையனாக நுழைந்தவர். டீ வாங்கிக் கொடுத்தார். எஸ். எம். சுப்பையா நாயுடுவிடமும் பிறகு சி. ஆர். சுப்பராமனிடமும் உதவியாளராக இருந்தார். 1952-இல் சுப்பராமன் திடீரென்று இறந்தபோது பாதியில் நின்ற படங்களின் வேலையை இவரும் டி. கே. ராமமூர்த்தியும் சேர்ந்து முடித்தார்கள். அதே ஆண்டு 'பணம்' படத்தில் இருவர் பெயரும் இசையமைப்பாளராக வந்தது. அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது உண்மை. தட்டிய நேரத்தில் அவருக்கு வேலை தெரிந்திருந்ததும் உண்மை.

இளையராஜா 14 வயது வாக்கில் அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிக் குழுவில் சேர்ந்தார். பொதுக்கூட்ட மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு பத்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார். 1968-இல் சென்னை வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை அரிச்சுவடியிலிருந்து கற்றார். ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து ஏராளமான படங்களில் வேலை பார்த்தார். 'அன்னக்கிளி' வந்தது 1976-இல். அப்போது வயது 33 ஆகப் போகிறது. பண்ணைப்புரத்திலிருந்து அன்னக்கிளிக்கு வர ஏறத்தாழ 18 வருஷம். "ஒரே படத்தில் ஓஹோவென்று வந்துவிட்டார்" என்று நாம் சொல்லும் அந்த ஒரு படம், பதினெட்டு வருஷத்தின் கடைசி நாள்.

ஏ. ஆர். ரகுமானுக்கு 9 வயதில் தந்தை இறந்தார். தந்தை விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் ஓடியது. பள்ளிக்கூட வயதிலேயே மற்றவர்களின் பாட்டுக்குக் கீபோர்டு வாசித்தார். பிறகு விளம்பரங்களுக்கு இசை. 1992-இல் 'ரோஜா' வந்தபோது வயது 25. அதற்குள் பத்து வருஷத்துக்கு மேல் கூலிக்கு வாசித்த அனுபவம் இருந்தது.

மூன்று பேரும் மூன்று விதம். ஆனால் மூவருமே பெயர் வருவதற்கு முன்னால் இசையில் சின்ன வேலை பார்த்துச் சம்பாதித்தார்கள். சின்ன வேலையைக் கேவலமாக நினைக்கவில்லை. அந்த வேலையிலேயே படித்தார்கள்.

மாதவி அரங்கின் கணக்கை இங்கே மறுபடி போடுங்கள். இவர்கள் பதிவு செய்த ஒவ்வொரு பாட்டிலும் வயலின் வரிசையில், தபலாவில், குழலில், கோரஸில் எத்தனை பேர்! அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்களும் வீடு கட்டினார்கள், பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார்கள். கம்ப்யூட்டரும் கீபோர்டும் வந்தபின் அந்த வேலையும் குறைந்தது. இப்படி ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு கதவு சாத்தும், வேறொன்று திறக்கும். எது எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரே கதவை நம்பி நிற்காதே என்கிறேன்.

நம் பக்கத்தையே பாருங்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடந்தால் இரவு ஆரம்பித்த கூத்து விடிந்துதான் முடியும். ஆடிக்கொண்டே பாட வேண்டும். உச்சக் குரலில் வசனம் பேச வேண்டும். பக்கத்தில் முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம். அந்தக் கலைஞர்களில் பலர் கூத்து இல்லாத மாதங்களில் வயல்வேலைக்குப் போவார்கள். அதை வைத்து "கலை சோறு போடவில்லை" என்று சொல்வது எளிது. நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். நிலமும் கூத்தும் சேர்ந்து ஒரு குடும்பத்தைத் தாங்குகின்றன. அவர்கள் கலையை விடவும் இல்லை, பட்டினி கிடக்கவும் இல்லை. வருமானம் இரண்டு வழியில் வந்தால் கலைஞனுக்கு அது இழுக்கு இல்லை.

சரி, இனி நேரடியாகச் சில வார்த்தை.

தம்பி, தங்கச்சி: போட்டிக்குப் போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை அரங்கேற்றம் என்று நினைக்காதே. ஒருவர் பெயர் சொல்லப்படும் மேடையில் பல நூறு பேர் வீடு திரும்புகிறார்கள். திரும்பி வந்த மறுநாள் காலை சாதகம் பண்ண உட்காருவாயா என்பதுதான் கேள்வி. உட்காருவாய் என்றால் நீ இந்தத் தொழிலுக்கு ஆள். மேடை இல்லாத ஏழு வருஷத்தைத் தாங்க முடியுமா என்று உன்னையே கேட்டுக்கொள். கூடவே ஒரு பட்டமோ ஒரு கைத்தொழிலோ வைத்துக்கொள். கூத்துக்காரருக்கு நிலம் மாதிரி.

பெற்றோர்களே: விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்று மூன்று வருஷப் படிப்பு. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைக்கல்வி உண்டு. அறநிலையத் துறை ஓதுவார் பயிற்சியும் நாதசுரம், தவில் பயிற்சியும் நடத்துகிறது. பள்ளிகளில் இசை ஆசிரியர் வேலை உண்டு, கோயிலில் ஓதுவார் பணி உண்டு, கல்யாண மண்டபத்தில் மங்கள இசை உண்டு, வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வருமானம் உண்டு. எல்லாருக்கும் உடனே வேலை கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், பணியிடங்கள் குறைவுதான். ஆனால் நட்சத்திரம் ஆகாவிட்டால் தெருவில் நிற்க வேண்டும் என்பதும் பொய். நடுவில் மூன்று குருணி நெல்லுக்கு இன்றும் இடம் இருக்கிறது.

பிள்ளைக்குக் குரல் இருக்கிறதா, தாளம் நிற்கிறதா என்பதை மாமாவும் சித்தப்பாவும் சொல்லக் கேட்காதீர்கள். நல்ல ஆசிரியர் ஒருவரிடம் அழைத்துப் போய்ப் பாடவைத்து, உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் "இன்னும் இரண்டு வருஷம் பார்க்கலாம்" என்றால் இரண்டு வருஷம் கொடுங்கள். "இது பொழுதுபோக்குக்குப் போதும்" என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கபிலர் காரியிடம் கேட்டது அந்த நேர்மையான அளவைத்தான்.

உங்கள் ஊரில் நாதசுரம், தவில், பம்பை, கூத்து, தேவாரம், மெல்லிசை என்று இசையால் குடும்பம் நடத்தும் ஒருவரைத் தெரியுமா? எத்தனை வயதில் தொடங்கினார், முதல் சம்பளம் எப்போது வந்தது என்று அவரிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். அவர் சம்மதம் இருந்தால் மட்டும் பெயர் போடுங்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். குழி எங்கே, சோறு எங்கே என்று வழி தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஆசிரியர், திருக்கோவிலூர்.